பொங்கியண்ணன் பனிக்குப் பூக்கேட்ட கதை

முழுப்பரீட்சை லீவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப்போய்ச் சறுக்கவிடுவது என்று பொங்கியண்ணன் முடிவு செய்தபோது அவர் கையில் பாதி தின்ற முறுக்கு இருந்தது. கேபிள் டிவியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் இரண்டு காலிலும் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தான். பார்த்தார். முறுக்கைக் கீழே வைத்தார். "இந்த மே மாசம் நாமளும் அங்க போறோம்" என்றார். யோசித்துவிட்டுப் பேசுகிற பழக்கம் அந்த மனுஷனுக்கு இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆனால் ஆசை என்று பார்த்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கணபதி என்கிற ஊரில் மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் பட்டறை அவருக்கு. தகரக் கூரை. சித்திரை வெயிலில் ஊரிலுள்ள கிணற்று மோட்டாரெல்லாம் புகைந்துபோய் அங்கேதான் வந்து சேரும். வார்னிஷ் நாற்றத்தில் வெந்துகொண்டு கிடப்பார். பக்கத்தில் சுந்தரராஜுலுவின் ஹார்டுவேர் கடை. சுந்தரராஜுலு ஒரு தடவை மணாலிக்குப் போய், பனியில் பலகைமேல் நின்று போட்டோ எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். ஆணி வாங்க வருகிறவனுக்குக்கூட அந்தப் போட்டோவின் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆணி கிடைக்கும். தினம் தினம் இதைக் கேட்டுக் கேட்டுப் பொங்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு தரம் அந்தப் பலகைமேல் நின்றுவிட வேண்டும், ஒரு போட்டோ எடுத்துப் பட்டறையில் மாட்டிவிட வேண்டும், அப்புறம் சாவு வந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

பெண்டாட்டி சாந்தாமணி எதிர்ப்பு சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. "போலாமுங்க மாமா" என்று உடனே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது பம்ப் ஸ்டவ்வோடு வந்தாள்.

அங்கே ஆரம்பித்தது அவருடைய கஷ்டகாலம்.

வடக்கே ரொட்டிதான் கிடைக்குமாம், பிள்ளைகளுக்கு ஆகாதாம். அதனால் அரிசி, பருப்பு, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், ஊறுகாய், கொஞ்சம் நிலக்கடலை. இரண்டாங்கிளாஸ் படிக்கும் நிதீஷுக்கு வளைவில் பஸ் திரும்பினால் வாந்தி வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனபோதே முன் சீட்டுக்காரரின் வேட்டியை நாசம் பண்ணியவன். அதற்கு எலுமிச்சம்பழம், பை, மாற்றுத்துணி. எல்.கே.ஜி. படிக்கும் ரித்திகா தன் தலையணை இல்லாமல் தூங்க மாட்டாள், தலையணையும் வரும். தேங்காய் எண்ணெய் பனியில் உறைந்துபோனால் பிள்ளைகள் தலைக்கு என்ன தடவுவது என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு. பனிமலையில் ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவது என்று நிதீஷ் கேட்டான். அத்தனை பெரிய டிவியில் அதை மட்டும் எவனும் காட்டவில்லை. கட்டிலடியில் சேர்ந்துகொண்டிருந்த மூட்டைகளைப் பார்க்கப் பார்க்க, போவது சுற்றுலாவா, குடிமாற்றமா என்றே பொங்கியண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவரை உடைத்துப் போட்டது இதெல்லாம் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சாந்தாமணி சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை.

"குளுருக்கு ரித்திகா உங்க இடுப்ப உட்டு எறங்க மாட்டாளுங்க. அவள நீங்க வெச்சுக்கிட்டீங்கன்னா நானு நிதீசப் பாத்துக்குவேன்."

"அப்பறம் நானு எப்பச் சறுக்கறது?"

"புள்ளைய வெச்சுக்கிட்டு எப்படீங்க சறுக்குவீங்க?" என்றாள் அவள். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஏனுங்க, பொம்பளைங்களுஞ் சறுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

பொங்கியண்ணன் சிரித்தார். சேலையைக் கட்டிக்கொண்டா என்று கேட்டார். மறுபடியும் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்பு தேவையே இல்லை. சாந்தாமணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ரயிலுக்கு நாலு டிக்கெட்டும் ஏற்கனவே எடுத்தாயிற்று. மறுநாள் சுந்தரராஜுலுவின் கடையில் போய் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டெல்லி வரைக்கும் ரயிலில் புள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டு, மலையில் பால் காய்ச்சி, பலகையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான் தன் தலையெழுத்து என்று புலம்பினார். சுந்தரராஜுலு ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. தன் கூட்டாளிகள் சிலர் அதே ரயிலில் போகிறார்கள், ஆம்பளைகள் மட்டும், வீட்டாரை விட்டுவிட்டு நீ மட்டும் ஏறிக்கொள் என்றார். சொல்வது சுலபம். வீட்டில் யார் போய்ச் சொல்வது?

முதலில் பயமுறுத்திப் பார்த்தார். பனியில் மூக்கு மரத்துப்போய்க் கீழே விழுந்துவிடும் என்றார். குரங்குக் குல்லா இருக்கிறது என்றாள் சாந்தாமணி. கரடி வரும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து நிதீஷ் சந்தோஷத்தில் சோறே தின்னவில்லை, கரடி எப்போது வரும், எத்தனை வரும் என்று உயிரை வாங்கினான். மனுஷன் சொல்லி இவர்கள் கேட்க மாட்டார்கள், இனிச் சாமிதான் சொல்லவேண்டும் என்று பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும், காரமடைக்கு அந்தப் பக்கம் தோப்புக்குள் இருக்கிற குலதெய்வம் கருப்பணசாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். காரியத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. பொங்கியண்ணனின் அப்பா ஒரு தடவை சிவப்பு வந்ததற்காக, முன்பணம் கொடுத்த டிராக்டரையே வேண்டாம் என்று திருப்பிவிட்டவர். சாந்தாமணிக்கும் இதில் நம்பிக்கை உண்டு.

புரிந்துவிட்டதல்லவா? இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. பெண்டாட்டி பிள்ளைகளைப் பனிக்குக் கூட்டிப் போகலாமா என்று கேள்வி. எதை எடுத்தாலும் கூடாது. எந்தக் குழந்தையும் தப்பாக எடுக்கவே முடியாது. இந்த யோசனை வந்ததும் பொங்கியண்ணன் பட்டறையில் தனியாக உட்கார்ந்து தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் நாலு பேரும் போனார்கள். பூவெல்லாம் நானே வாங்குகிறேன், நானே கட்டுகிறேன் என்று சாந்தாமணியைக் கிணற்றடிக்குக் கைகால் கழுவ அனுப்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முழம் பூவைக்கூடக் கையால் தொடாத ஆள். வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து செவ்வரளியை இரண்டு பங்காக்கிக் கட்டி முடித்துத் தலையை நிமிர்த்தினால், எதிரே ரித்திகா நிற்கிறாள். அவருக்குப் பகீரென்றது. அவசரமாக ஒரு தேன்மிட்டாயைக் கொடுத்து, அம்மாகிட்டச் சொல்லக்கூடாது சாமி என்று கன்னத்தைக் கிள்ளினார். ரித்திகா நல்ல பிள்ளை, மிட்டாயை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். சற்றுநேரம் கழித்து அவள் அம்மா இடுப்பில் ஏறி உட்கார்ந்து காதில் என்னமோ ஓதுவதைப் பார்த்தார். ஒண்ணுக்கு வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பூசாரி காளிச்சாமி பொட்டலங்களை வாங்கி, சாமி காலடியில் வைத்து, சூடம் காட்டினார். அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிற கருப்பணசாமி தன்னையே முறைப்பதுபோல இருந்தது பொங்கியண்ணனுக்கு. கண்ணை மூடிக்கொண்டார். என்ன காரியம் என்று காளிச்சாமி கேட்டார்.

"நானே கேக்கறனுங்க மாமா" என்று சாந்தாமணி முன்னால் வந்தாள்.

பொங்கியண்ணனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவள் வாயாலேயே கேட்டு அவளுக்கே சிவப்பு வந்தால் பின்னால் ஒரு பேச்சு பேச முடியாது பாருங்கள். தாராளமாகக் கேளு அம்மணி என்று வழிவிட்டார்.

சாந்தாமணி கையைக் கூப்பிக் கணீரென்று கேட்டாள். "சாமி, நானும் கொழந்தைகளும் மணாலிக்குப் பனி பாக்கப் போறமுங்க. எங்க ஊட்டுக்காரரு பனியில கால் வெக்கலாமுங்களா? நீதான் உத்தரவு சொல்லோணும்."

பொங்கியண்ணன் கண்ணைத் திறப்பதற்குள் நிதீஷ் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். காளிச்சாமி பிரித்தார். செக்கச்செவேலென்று அரளி.

"கூடாதுங்குது சாமி" என்றார் காளிச்சாமி.

சாந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொங்கியண்ணன் ஓரடி முன்னால் வந்தார். கேள்வி அது இல்லையே, அவங்க போகலாமா என்றுதானே கேட்கணும், இன்னொருக்கா கேட்கலாமுங்க பூசாரி என்று தடுமாறினார். காளிச்சாமி தங்கமான மனுஷன், மறுப்பே சொல்லவில்லை. "கேளுங்க, அதுக்கென்ன. ரெண்டையும் பிரிச்சுப் போட்டு, புதுசாக் கட்டிப்போடலாம்" என்று சொல்லிக்கொண்டே மற்றப் பொட்டலத்தை எடுத்து நூலில் நகத்தை வைத்தார்.

பொங்கியண்ணன் பொட்டலத்தையே பார்த்தார். அது பிரிந்தால் உள்ளேயும் சிவப்பு. சாமி முன்னாலேயே சாமியை ஏமாற்றியவன் என்கிற பேர். காரமடை முதல் கணபதி வரைக்கும் சொந்தக்காரன் ஒருத்தன் மதிக்க மாட்டான், அரிவாளோடு நிற்கிற ஆள் என்ன செய்வாரோ அது தனி. பாய்ந்துபோய்ப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேண்டாமுங்க பூசாரி. சாமி ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானுங்க."

தன் வாயாலேயே சொன்னார். குரல் மட்டும் அழுகிறவன் குரலாக இருந்தது. சாந்தாமணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க மாமாவுக்குப் பக்தி சாஸ்திங்க" என்று பூசாரியிடம் சொல்லித் திருநீறு வாங்கிக்கொண்டாள். பொட்டலத்தை அவர் சட்டைக்குள் ஒளித்து எடுத்துப்போய் வழியில் ஒரு வாய்க்காலில் எறிந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவருக்குக் கெட்ட கனவுபோல நடந்தது. சுந்தரராஜுலுவின் கூட்டத்தோடாவது ஒட்டிக்கொள்ளலாம் என்றால், பனியில் காலே வைக்கக்கூடாது என்று உத்தரவாகிவிட்டதே. அவருடைய டிக்கெட்டை அவரே ஸ்டேஷனில் வரிசையில் நின்று கேன்சல் செய்தார். அதே வரிசையில் மறுபடி நின்று சாந்தாமணியின் அக்கா செல்லாத்தாளுக்கு ஒரு டிக்கெட் எடுத்தார், துணைக்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா. செல்லாத்தாளுக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை. அவள் வீட்டுக்காரர் எப்போது பார்த்தாலும் கேரளாவுக்குக் கோழி ஏற்றிக்கொண்டு லாரியில் அலைகிறவர். பண்ணையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். சாமி பல்லடத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லவில்லை.

ரயிலடியில் மூட்டைகளையெல்லாம் ஏற்றிவிட்டது அவர்தான். குளிருக்கு அவர் தனக்கென்று ஆசைஆசையாக வாங்கி வைத்திருந்த ஜெர்க்கினைச் செல்லாத்தாள் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயில் நகர்ந்தபோது நிதீஷ், அப்பாவுக்கு ஒரு கரடி கொண்டுவருகிறேன் என்று கத்திவிட்டுப் போனான். பொங்கியண்ணனுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த வருஷம் பல்லடத்தில் அடித்த வெயிலைச் சொல்லி மாளாது. வெயில் தாங்காமல் கோழிகள் பொத்துப்பொத்தென்று விழும் என்பதால் பொழுதுக்கும் சாக்கை நனைத்துக் கட்டுவதும் கூரைமேல் தண்ணீர் அடிப்பதுமாகக் கிடந்தார். உடம்பெல்லாம் கோழி நாற்றம். பட்டறை வார்னிஷ் வாசம் பன்னீராகத் தெரிந்தது. ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானத்தில்தான் பண்ணை வீட்டில் போன் அடித்தது. பைப்பும் கையுமாகவே ஓடிப்போய் எடுத்தார், மணாலியிலிருந்து சாந்தாமணி.

பிள்ளைகள் சுகம் என்றாள். ரித்திகா பெரியம்மா இடுப்பில் ஜோராக இருக்கிறாளாம். நிதீஷ் வாந்தியே எடுக்கவில்லையாம். அப்புறம் அவருக்கு இதுவரை கேட்டே பழக்கமில்லாத ஒரு சந்தோஷக் குரலில் சொன்னாள்.

"நானு பலகைமேல ஏறிப்போட்டேனுங்க மாமா. மொதல்ல உளுந்தேன். அப்பறம் கொஞ்ச தூரம் நல்லாவே போனனுங்க. சேலைமேலயே ஒரு கோட்டு வாடகைக்குக் குடுக்கறாங்க. போட்டோ எடுத்துருக்குது, வந்ததும் பெருசாக்கி உங்க பட்டறையில மாட்டிக்கலாமுங்க."

பொங்கியண்ணனுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பெருமையா பொறாமையா என்று அவருக்கே தெரியவில்லை. கையிலிருந்த பைப் அவர் காலிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் நானும் வாரேன் அம்மணி, என்னை விட்டுப்போட்டுப் போயிராதே என்று கெஞ்சினார்.

"கண்டிப்பா வாங்க மாமா. சாமிகிட்ட மறுக்காப் பூக் கேட்டுப்போட்டே போலாமுங்க" என்றாள் சாந்தாமணி. "அந்தத் தடவையாச்சும் ஒரு பொட்டலத்துல வெள்ளப்பூ வெச்சுக் கட்டுங்க."