விசா இல்லாத நாட்டுக்கு ஒரு வேலைநிறுத்தம்

எந்த நாட்டுக்காரன் வாசலிலும் கைகட்டி நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்க மாட்டேன் எனத் தலைவர் சபதம் செய்து முப்பது வருடமாகிறது. அதைக் காப்பாற்றுவதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. எந்த நாட்டுக்காரனும் அவரைக் கூப்பிடவில்லை.

அச்சகத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். சங்கம் கலைந்து போனது. அச்சகத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பட்டம் மட்டும் ஆளோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் தலைமை தாங்க மிச்சமிருப்பவை ஒரு சாய்வு நாற்காலியும் தொலைக்காட்சி ரிமோட்டும்தான். அதிலும் ரிமோட் மனைவி கையில் இருக்கிறது.

மகள் ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். வருடா வருடம் வரச்சொல்வாள். தலைவர் வருடா வருடம் மறுப்பார். விசா என்பது பிச்சைப் பாத்திரம், நான் யாரிடமும் மனு கொடுக்கிறவன் அல்ல என்பார். மனு கொடுத்துக் கொடுத்தே ரேகை தேய்ந்த கை அது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோகும். இத்தனைக்கும் பாஸ்போர்ட்டை மட்டும் காலாவதியாக விட்டதில்லை. அழைப்பை மறுப்பதற்காவது கையில் ஒன்று வேண்டாமா?

உண்மை வேறு. அந்த நகரத்தின் நடுவே ஒரு சதுக்கம். ஒரு காலத்தில் தொழிலாளர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கூடி, சிலர் உயிரையும் விட்ட இடம். பதினெட்டு வயதில் ஒரு துண்டறிக்கையில் படித்தார். எந்த முனையில் தடுப்புப் போட்டார்கள், எந்த மாடியிலிருந்து பேசினார்கள் எல்லாம் அத்துப்படி. சொந்தத் தெருவில் மளிகைக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார். சாவதற்குள் ஒரு முறை அங்கே போய் நிற்கவேண்டும். ஆனால் தானாகப் போனால் அது பயணம். கெஞ்சிக் கூட்டிப்போனால்தான் அது மரியாதை.

ஒரு சாயங்காலம் மனைவி தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நம்ம பாஸ்போர்ட்டுக்கு இனிமே அங்க விசா வேண்டாமாம்."

முப்பது வருடக் கோட்டை. ஒரு பீரங்கி வெடிக்கவில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது.

தலைவர் சளைக்கவில்லை. போனை எடுத்து விதிகளைப் படித்தார். மறுநாள் காலை தாக்குதலைத் தொடங்கினார்.

"விசா இல்லேன்னா என்ன வேணா செய்யலாம்னு நினைக்காதே. தொண்ணூறு நாளைக்கு மேல இருக்க முடியாது."

"நாம போறது பத்து நாளைக்கு."

"திரும்பி வர்ற டிக்கெட்டைக் காட்டுன்னு கேப்பான்."

"உங்களை அங்கயே விட்டுட்டு வந்தா அந்த நாடு தாங்குமா? ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் போடறேன்."

"தங்கற இடம்?"

"நம்ம பொண்ணு வீடு."

"மருத்துவக் காப்பீடு?"

"எடுத்துக்கலாம்."

"எதுக்கு வந்தேன்னு வாசல்ல ஒருத்தன் நிறுத்திக் கேப்பான். அந்த அவமானம் போகலையே."

"பொண்ணைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. அதுல என்னங்க அவமானம்?"

பதில் இல்லாத இடத்தில் போராட்டம் பிறக்கும் என்பது தலைவரின் அனுபவம். அன்றைக்கே வேலைநிறுத்தம் அறிவித்தார். கோரிக்கைகள் நிறைவேறும்வரை பயணம் இல்லை. ஒன்று, விமானத்தில் ஜன்னலோர இருக்கை. இரண்டு, சதுக்கத்துக்கு ஒரு முழு நாள், அன்றைக்கு யாரும் கடைப்பக்கம் திரும்பக் கூடாது. மூன்று, தாயும் மகளும் சேர்ந்து தன்னை வாய்விட்டு அழைக்கவேண்டும். முதல் இரண்டும் மூன்றாவதற்குத் துணைக்கு வந்தவை.

மனைவி முழுவதையும் கேட்டாள். "சரிங்க" என்றாள். உள்ளே போய்த் துணி வெட்ட ஆரம்பித்தாள்.

இப்படி ஒரு நிர்வாகத்தைத் தலைவர் கண்டதில்லை. மிரட்டுகிற முதலாளியைத் தெரியும். இழுத்தடிக்கிற முதலாளியைத் தெரியும். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்கிற முதலாளிக்கு எந்தத் துண்டறிக்கையிலும் வழி சொல்லியிருக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் ஒரு குரல்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

மனைவியின் அண்ணன். சங்கத்தில் அவனுக்குப் பெயர் பின்வாசல். பெரிய வேலைநிறுத்தத்தின்போது அத்தனை பேரும் முன்வாசலில் உட்கார்ந்திருக்க, பின்வாசல் வழியாகப் போய் இயந்திரத்தை ஓட்டிய புண்ணியவான். போராட்டம் அத்தோடு படுத்தது. அன்றிலிருந்து தலைவர் அவனோடு பேசியதில்லை. அவன் வந்தால் இவர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். இன்றும் போனார்.

ஆனால் உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. செய்தித்தாளோடு எட்டிப் பார்த்தார்.

மகள் அவருக்கென்று அனுப்பிய கம்பளிக் கோட்டு. அந்த நாட்டுக் குளிருக்கானது. தொடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, வீட்டில் ஆளில்லாதபோதெல்லாம் போட்டுக் கண்ணாடி முன் நின்று மறைந்த தோழர்களுக்கு அஞ்சலி உரை நிகழ்த்திய கோட்டு. அதற்குள் இப்போது பின்வாசல் நின்றுகொண்டிருந்தான். தொப்பை மட்டும் வெளியே நின்றது. மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கை நீளத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன நடக்குது?"

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நீங்க வரலைன்னுட்டீங்க. எனக்குத் தனியாப் போகத் தெரியாது. அதான் மாத்து ஆளு. ரெண்டு டிக்கெட்டும் போட்டாச்சு."

"கருங்காலியையா?"

"வேலைநிறுத்தம் செய்யறது உங்க உரிமைங்க. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா முதலாளிங்க உடனே வேற ஆளை வச்சு ஓட்டுவானுங்கன்னு நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க."

பின்வாசல் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அங்க ஏதோ சதுக்கம் இருக்காமே மாப்பிள்ளை. நடுவுல நின்னு நல்லதா ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து உங்களுக்குக் காட்டறேன்."

தலைவர் செய்தித்தாளைக் கீழே போட்டார். அந்தச் சதுக்கம். அந்தத் தியாகிகள். அதன் நடுவே தொப்பையோடு ஒரு கருங்காலி, அதுவும் இவர் கோட்டில்.

"யோவ், கோட்டைக் கழட்டு."

முப்பது வருடத்துக்குப் பிறகு அவர் மைத்துனனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

பேச்சுவார்த்தை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஜன்னலோரம் மனைவிக்கு. சதுக்கம், கடைகளைப் பார்த்து முடித்த பிறகு நேரமிருந்தால். மூன்றாவது கோரிக்கையில் வாய்விட்டு அழைப்பு வந்தது, வந்த திசைதான் மாறியது. "நானும் வரேனே" என்று கேட்டவர் தலைவர்.

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் ஆசையா இருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

கேட்டார். பின்வாசல் பெருமூச்சு விட்டான். கோட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். தலைவர் அவனுக்கு நன்றி சொல்லவேண்டி வந்தது.

கிளம்புகிற அன்று பின்வாசலே காரோட்டி வந்து, பெட்டிகளைத் தூக்கி வைத்து, விமான நிலையத்தில் இறக்கிவிட்டுக் கையசைத்துவிட்டுப் போனான். தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைகட்டி, வரிசையில் நின்றார். கொஞ்ச நேரத்தில், முன்பு போனில் படித்த விதிகள் திரும்ப ஞாபகம் வந்தன. கொஞ்சம் கம்பீரமும் வந்தது.

"ஆமா, ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியாதுன்னு விதி இருக்கே. உங்க அண்ணன் டிக்கெட்டை எனக்கு எப்படி மாத்தினே?"

மனைவி வரிசை நகர்ந்ததைப் பார்த்துப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க பேர்லதாங்க முதல்லயே போட்டேன். அண்ணனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது."