தோர்கைர் மலையேறிய ஈஸ்டர்

இந்த ஈஸ்டருக்குக் கக்கூஸைத் தோண்டுவதில்லை என்று தோர்கைர் முடிவு செய்துவிட்டார். பல் துலக்கும்போது எடுத்த முடிவுதான். ஆனாலும் உறுதியான முடிவு.

மலையடிவாரத்தில் அவருக்கும் மனைவிக்கும் ஒரு விடுமுறை மரவீடு உண்டு. கக்கூஸ் அதற்குப் பின்னால் தனியாக நிற்கும். நிற்பதெல்லாம் கோடையில்தான். குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டி, ஈஸ்டருக்குப் போய்ப் பார்த்தால் கூரை மட்டும் எட்டிப் பார்க்கும். கதவைத் தோண்டிக் கண்டுபிடிப்பது, ஓஷில்டைக் கைப்பிடித்த வருஷத்திலிருந்தே தோர்கைரின் வேலை. ஈஸ்டர் வழக்கப்படி ஊரெல்லாம் வெயிலில் சாய்ந்து ஆரஞ்சு உரிக்கும்; அவருக்கு உள்ளங்கை உரியும்.

"நான் குழி தோண்டின காலமெல்லாம் மலையேறிப் போச்சு," என்றார், வந்திறங்கிய மறுநாள் காலையில். "நானும் மலையேறப் போறேன்."

"போயிட்டு வாங்களேன்," என்றாள் ஓஷில்ட், காபியைக் கலக்கிக்கொண்டே.

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எந்தப் பக்கங்க?"

இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். அந்த ஊரில் மனைவிக்குத் தெரியாமல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் பனிமலைக்கு மட்டும் போகக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டுப் போக, மீட்புக் குழு நாயோடு வேறொரு மலையில் தேடியது. அந்த நாய் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் முறைக்கிறது.

"உன் தங்கச்சி சத்திரத்துக்கு," என்றார். உச்சியில் மலையேறிகள் தங்கும் சத்திரத்தை நடத்துகிறவள் குன்வோர்.

"அவ நேத்துதான் திறக்கப் போனா. போன வருஷம் மாதிரி பாதியில திரும்பிட மாட்டீங்களே?"

"போன வருஷம் பூட்ஸ் கடிச்சுது. இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, உச்சிக்குப் போய்த்தான் உட்காருவேன்."

"அப்ப இருங்க, பை கட்டித் தர்றேன்."

கட்டிக் கொடுத்தாள். தோர்கைருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இவளையா தப்பாக நினைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டு கிளம்பினார்.

காலையில் பனி இறுகி, நடக்கத் தோதாக இருந்தது. வெயில் ஏறியதும் இளகிவிட்டது. ஒரு கால் முழங்கால் வரை புதைந்தால், மறுகால் தொடை வரை புதைந்தது. பை வேறு கனத்தது. ஏதோ நீளமாக முதுகில் இடித்தது. பைக்குள் இருப்பது ஆரஞ்சுதானே, அது எப்படி நீளமாக இருக்கும் என்று யோசித்தார். உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கலாம். உச்சிக்குப் போய்த்தான் உட்காருவேன் என்று வாயை விட்டாயிற்றே.

எதிரே இறங்கி வந்த பெண்மணி ஒருத்தி, "மேலே காத்து பலமா இருக்கு, திரும்பிடுங்க," என்றாள்.

"திரும்பினா தோண்டணும்மா," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். அவள் நின்று அவரையே கவலையோடு பார்த்தாள்.

சத்திர வாசலில் குன்வோர் கையாட்டியபோது அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். பொத்தென்று படியில் உட்கார்ந்தார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க அத்தான். அக்கா காலையிலேயே போன் பண்ணிட்டா."

"என்னன்னு?"

"குழி தோண்டின காலம் மலையேறிப் போச்சுன்னீங்களாமே. அது பின்னாடியே நீங்களும் ஏறி வர்றீங்கன்னா. மண்வெட்டிய மடக்கிப் பையில வச்சிருக்காளாம்."

தோர்கைர் பையைப் பிரித்தார். மண்வெட்டி இருந்தது. உள்ளங்கைக்குப் பூச ஒரு களிம்பும் இருந்தது. சத்திரத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு கூரை மட்டும் பனியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அப்ப எங்க வீட்டுக் கதவு?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அக்கா இன்னைக்குப் பக்கத்து வீட்டுல சமாளிச்சுக்குவா. நாளைக்கு இறங்கினதும் தோண்டிக்கலாம் அத்தான், அது ஒரு கதவுதானே. இங்க ஆறு."