செக்கனாரின் பிரவுசர் சவாரி

இணையத்தை மாடு மாதிரி ஓட்டிப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் நெடுந்தீவில் இருந்தார். என் சைக்கிள் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். ஆகவே சாட்சி நான்.

அவருக்குப் பெயர் செக்கனார். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் வரும். முன்பு மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிகளில் நேரம் பிடித்தவர். கறுப்புக் கயிற்றில் ஸ்டொப்வோச் கழுத்தில் தொங்கும். பிறகு சவாரியை விட்டார். ஸ்டொப்வோச்சை விடவில்லை. போட்டோக்கொப்பி, போன் கார்ட், இணையம் என்று கடை போட்டார். ஆள் வாசலில் கால் வைத்ததும் அழுத்துவார். பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

"ஐடென்ரிக் கார்ட்டை ஒரு போட்டோக்கொப்பி."

"அதைச் சொல்ல உமக்கு ஆறு செக்கன். எடும் கார்ட்டை."

இப்படி ஒரு கடை.

அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் மூன்று பிரவுசர். இணையப் பக்கத்தைத் திறக்கிற சாமான் பிரவுசர். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அவற்றின் சொந்தப் பெயர்களை அவர் சொல்ல மாட்டார். திரையில் இருந்த அடையாளங்களையும் எடுத்துவிட்டு மூன்று மாட்டுப் படம் போட்டிருந்தார். செவலை, மயிலை, கறுவல்.

"உண்மைப் பேர் என்ன அண்ணை?"

"சொன்னா ஆக்கள் கம்பனியைப் பாத்துக் கதைப்பினம். மாட்டை மாடாப் பாக்கவேணும்."

நாள்தோறும் காலையில் சவாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் பார்ப்பது. அதைத்தான் ஓட்டுவார். எட்டரைக்குச் செவலை. பிறகு அரை மணி ஓய்வு. மாடு ஓடினால் நிலம் ஆறவேண்டும், கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்பது அவர் சட்டம். ஒன்பதுக்கு மயிலை. திரும்ப ஓய்வு, ஒரு பிளேன்ரீ. ஒன்பதரைக்குக் கறுவல். ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் என்று சிஆர் கொப்பி என்கிற பெரிய நோட்டில் எழுதுவார். செவலை முதலாவது. மயிலை இரண்டாவது. கறுவல் கடைசி. நாலு வருடம் இதே முடிவு. என்றாலும் அடுத்த நாள் ஓட்டுவார்.

"கறுவலை விட்டிடுங்கோவன் அண்ணை. ஓடாத மாட்டுக்கு ஏன் கயிறு."

"கடைசியா வாறதுக்கும் ஒண்டு வேணும். இல்லாட்டி முதலாவது எப்பிடி வாறது?"

நான் ரியூப்புக்குக் காற்றடிக்கப் போனேன். 

வேகம் மட்டும் போதாது. தீனியும் பார்க்க வேண்டும். பிரவுசர் மெமறி தின்னும் என்றார். ஒரு பக்கம் திறந்தால் கொஞ்சம். நாற்பது பக்கம் திறந்தால் எவ்வளவு? திறந்தார். நாற்பதும் அதே காற்றுப் பக்கம். நாற்பதிலும் காற்று தெற்கிலிருந்து அடித்தது. கம்ப்யூட்டர் அம்மி அரைப்பது போலச் சத்தம் போட்டது. அந்த நேரம் ஒரு பெரியவர் பாஸ்போர்ட் கொப்பி எடுக்க வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. மயிலை தின்னுது."

பெரியவர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அவருக்குச் சுகமோ?"

"ஓம். நல்ல சுகம்."

மூன்றாவது சோதனை வெள்ளிக்கிழமை. நம்பிக்கைச் சோதனை. பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்துவார். திரும்பப் போட்டால் விட்ட இடத்தில் இருந்து எழும்புகிறதா என்று பார்ப்பார். இரண்டு கடைக்கும் சுவிட்ச் ஒன்று. என் கொம்பிரசரும் நின்றுவிடும். ரியூப் பாதி காற்றோடு கிடக்கும்.

"அண்ணை, சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ."

"சொன்னா அதுக்கும் தெரிஞ்சிடும்."

கோயிலில் பூசையையும் நேரம் பிடித்தார். ஐயர் கண்டுவிட்டார். அடுத்த வெள்ளி பூசை பாதி நேரத்தில் முடிந்தது. செக்கனார் வெளியே வந்து, "ஐயர் நல்ல முன்னேற்றம்" என்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மரியாக்கா மாடு வைத்திருப்பவள். பால் கொடுக்க எங்கள் ரோட்டால்தான் போவாள். அவளுடைய மகள் ஜெனிற்றா ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் மட்டும். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். அடுத்த முறை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வயது எல்லையும் கிட்ட வந்துவிட்டது. காற்றால் மூன்று நாள் படகு ஓடவில்லை. சான்றிதழ் அன்று காலைப் படகில்தான் வந்தது. கையெழுத்துக்கு அலைந்து தாயும் மகளும் கடைக்கு வர இரண்டரை. டவுனுக்குப் போக வழி இல்லை. செக்கனார்தான் கதி.

செவலையைக் கட்டினார். பறந்தது. முதல் பக்கம் இரண்டு செக்கன். இரண்டாம் பக்கம் மூன்று.

"பாத்தியே பிள்ளை" என்றார்.

மூன்றாம் பக்கம் படம் ஏற்றுவது. செவலை விழுந்தது. பக்கம் முழுக்க வெள்ளை. எழுதினது எல்லாம் போயிற்று. திரும்ப எழுதினாள். திரும்ப அதே இடத்தில் விழுந்தது. மூன்றாம் முறையும்.

மயிலையைக் கட்டினார். அது கிடந்த மெமறி எல்லாவற்றையும் தின்றது. கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. நிறுத்தித் திரும்பப் போட்டு அது கண் திறக்க மூன்று இருபது.

மரியாக்கா செபமாலையை எடுத்துவிட்டாள்.

"மாமா, கறுவலைக் கட்டுங்கோ" என்றாள் ஜெனிற்றா.

"அது நொண்டி பிள்ளை. நாலு வருசம் கடைசி. கொப்பியில பார்."

"கொப்பி எனக்கு வேலை தருமே மாமா?"

அப்போது கடல் பக்கம் பின்னேரப் படகு ஊதியது. நான் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றேன். ஒன்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"அண்ணை, கறுவலை நீங்கள் படகு வந்தாப்பிறகுதானே ஓட்டுறனீங்கள்."

"அதுக்கு?"

"காலமைப் படகு ஒன்பதேகாலுக்கு. இறங்கின சனம் முழுக்கப் போன் எடுக்கும். அந்த நேரம் என்ர போனும் வேலை செய்யிறேல்லை."

தீவுக்குப் போன் கோபுரம் ஒன்று. நடுக்கடலில் ஒரு மணி நேரம் சிக்னல் இல்லாமல் வந்த சனம். இறங்கினதும் "வந்து சேந்திட்டன்" என்று சொல்லும். கடலைப் படம் பிடித்து அனுப்பும். எட்டரைச் செவலைக்கு ரோட்டு வெறுமை. ஒன்பதரைக் கறுவலுக்கு ரோட்டு முழுக்கச் சனம்.

செக்கனார் கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். படகு ஓடாத நாட்களைத் தேடினார். அந்த நாட்களில் கறுவலும் செவலையும் கிட்டக்கிட்ட. கதிரையில் இருந்துவிட்டார்.

"நாலு வருசம் நான் படகையெல்லோ அளந்திருக்கிறன்."

அவர் ஸ்டொப்வோச்சை அழுத்தாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். பத்துச் செக்கன் இருக்கும். நான் மனதில் எண்ணினேன்.

பிறகு எழும்பினார். "தம்பி, படகை நிப்பாட்டும்."

"ஏலாது. கட்டியிருப்பாங்கள்."

"அப்ப சனத்தை நிப்பாட்டும்."

அவர் கறுவலைக் கட்டினார். நான் கையில் கிடைத்த சைக்கிளை எடுத்தேன். திருத்த வந்த சைக்கிள். பிரேக் கழற்றி மேசையில் இருந்தது. இறங்குதுறையில் ஒரு நண்டுக் கூடையில் மோதித்தான் நின்றேன்.

சனம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் போன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மேடை ஏறினதும் இல்லை.

"எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ. ஒரு பிள்ளையின்ர விண்ணப்பப் போர்ம் போகுது."

"ஆரின்ர பிள்ளை?"

"மரியாக்கான்ர. தாதிக்கு. நாலு மணிக்குப் பூட்டுறாங்கள்."

அவ்வளவுதான். முன்னுக்கு நின்றவர்கள் பின்னுக்குச் சொன்னார்கள். போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. படகோட்டியும் அணைத்தார். ஒரே ஒரு வெள்ளைச் சப்பாத்துக்காரர் மட்டும் போனை உயர்த்திக் கடலைக் காட்டியபடி நின்றார்.

"நான் லண்டனோட வீடியோவில நிக்கிறன்" என்றார்.

நண்டுக் கூடைக்காரி அவர் போனை வாங்கினாள். கூடையில் நண்டுக்கு மேல் வைத்து மூடினாள்.

"லண்டன் எங்கயும் போகாது. நில்லும்."

நின்றோம். இறங்குதுறையில் இப்படி ஒரு அமைதியை நான் அறியேன். அலை கேட்டது. கூடைக்குள் லண்டன் கொஞ்ச நேரம் "ஹலோ, ஹலோ" என்றது. நண்டு எதையோ அமுக்கியிருக்க வேண்டும். அதுவும் நின்றது.

வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தது. ஒருவர் கேட்டார். "முடிஞ்சுதோ?"

"தெரியாது."

"எடுத்துக் கேளுமன்."

நான் போனை எடுத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரும்ப வைத்தேன். அப்போதுதான் விளங்கியது. முடிந்தது என்று எங்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஒரு படகுச் சனம் சாமானோடு, பிள்ளைகளோடு, ஒரு ஆட்டுக்குட்டியோடு, ஏன் என்று கேட்காமல் நாலு மணி தாண்டியும் நின்றது.

நாலு பத்துக்கு ஜெனிற்றா சைக்கிளில் வந்தாள். தூரத்திலேயே சிரிப்புத் தெரிந்தது. சைக்கிளை நிறுத்த முன்னமே சொன்னாள்.

"மூண்டு ஐம்பத்தொண்டுக்குப் போயிட்டுது. கறுவல். கடைசிப் பக்கம் நாலு செக்கனாம், மாமா சொல்லச் சொன்னவர்."

முதலில் ஆடு கத்தியது. பிறகு எல்லாரும். பிறகு எல்லாப் போனும் ஒன்றாக எழும்பின. அதன் பிறகு ஒரு மணி நேரம் தீவில் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை.

நான் கடைக்கு வந்தேன். செக்கனார் புதிய கொப்பிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை ஒரு கோடு கூடுதல். மேலே 'படகு' என்று எழுதியிருந்தது.

"தம்பி, படகு வந்தா எனக்குச் சொல்லவேணும். ஒவ்வொரு நாளும்."

"ஓம் அண்ணை."

எல்லாம் முதலில் இருந்து ஓட்டினார். ஓட்டும் வரிசையையும் நாளுக்கு நாள் மாற்றினார். நான் தட்டிக்கு மேலால் "படகு" என்பேன். அவர் எழுதுவார். ஒரு வருடம் போன பிறகு முடிவைக் கேட்டேன்.

"படகு வராத நேரம் மூண்டும் ஒரே மாதிரி மாடுதான்" என்றார். "படம் ஏத்திறதெண்டா கறுவல்."

ஜெனிற்றா இப்போது தாதி. செக்கனார் இப்போது யாழ்ப்பாணத்தில். கண்ணில் வெள்ளை வளர்ந்து மகள் வீட்டுக்குப் போனவர். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே இணையம் நல்ல வேகமாம். எதைத் தொட்டாலும் திறக்கிறதாம். "அளக்க ஒண்டுமில்லைத் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். குரல் நன்றாக இல்லை.

ஆனாலும் காலையில் ஒன்பதரைக்கு அவரிடம் இருந்து ஒரு செய்தி வரும். 'படகு வந்திட்டுதோ?' அங்கே இருந்துகொண்டு அவருக்கு எங்கள் படகு எதற்கு? நான் கேட்டதில்லை. 'வந்திட்டுது' என்று போடுவேன். காற்று நாட்களில் 'இல்லை' என்று போடுவேன்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். போனைப் பார்க்கவில்லை. மத்தியானம் அவரே எடுத்தார்.

"என்ன, படகு இல்லையோ, நீர் இல்லையோ?"

"இருக்கிறன் அண்ணை."

அங்கே ஸ்டொப்வோச் 'டிக்' என்றது.