நங்கூரம் என்ற பெயர் வந்த விதம்

உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடல். மிச்சமுள்ள நிலத்தை, கடல் நாவல்களில் வரும் பாத்திரங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உட்கார்ந்து ஆராய்வதற்காகவே இயற்கை ஒதுக்கி வைத்தது. மனித குலம் இதை உணராமல் நெடுங்காலம் அங்கே வீடு கட்டுவது, பயிர் வைப்பது போன்ற அற்பக் காரியங்களில் பொழுதை வீணாக்கியது. 'கடல் நாவல் பெயர்க்காரண உயராய்வு மையம்' வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

மையத்தின் ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை தெரியும். கடல் தெரியாது. கடலைப் பார்த்தால் ஆய்வாளருக்குப் பாரபட்சம் வந்துவிடும் என்பது இயக்குநரின் கொள்கை. அதனால் யாரையும் அந்தப் பக்கம் அவர் அனுப்புவதில்லை.

மறைந்த மாபெரும் நாவலாசிரியர் ஒருவரின் கடல் நாவல்களைத்தான் மையம் ஆராய்ந்து வந்தது. அவர் இளமையில் சரக்குக் கப்பல் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய பாத்திரங்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். கப்பல் சமையற்காரன் பெயர் 'உப்பில்லை'. சுற்றிலும் உப்பு நீர் சூழ, உள்ளே உப்பின்றி வாழும் மனிதனின் வெறுமையை அப்பெயர் சுட்டுகிறது என்று நிறுவி இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'நங்கூரம்'. கப்பல் மூழ்கும்போது சக மாலுமிகளை அம்போவென்று விட்டுவிட்டு முதல் படகில் தாவி ஓடும் கோழை அவன். "ஓடுறவனுக்கு நங்கூரம்னு பேரு! இதைவிட ஒரு நகைமுரண் உலக இலக்கியத்துல உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் இயக்குநருக்குக் குரல் தழுதழுக்கும். அந்த அத்தியாயம் பள்ளிப் பாடத்திலும் இருந்தது. ஹோட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிறவனைக்கூட ஊரில் 'நங்கூரம்' என்றுதான் சொல்வார்கள்.

நமது துணைப் பேராசிரியருக்கு ஆய்வுப் பொருள் இந்த நங்கூரம்தான். வேலைக்குச் சேர்ந்து தலை நரைக்கத் தொடங்கியும் அவர் இன்னும் தற்காலிகம். நிரந்தரமானவர்களின் நாற்காலிக்கு இரண்டு கை இருக்கும். இவருடையதற்கு ஒன்று. 'பெயர்க்காரண ஏற்புக் கூட்ட'த்தில் கட்டுரை ஏற்கப்பட்டால் வேலையும் நிரந்தரம், இன்னொரு கையும் வந்துவிடும். கட்டுரை பிரமாதமாகவே அமைந்திருந்தது. நங்கூரம் என்ற பெயர், நிலத்தின்மீது மனிதனுக்குள்ள தீராத ஏக்கத்தின் குறியீடு என்று எண்பது பக்கத்துக்கு அடித்து நொறுக்கியிருந்தார். ஒரே ஒரு இடைஞ்சல்தான். அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

நாவலாசிரியர் மருத்துவமனையில் கிடந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இவர். ஒரு மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போனபோது கிழவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நங்கூரம் ஓடலப்பா. எஞ்சின் ரூம்ல மாட்டிக்கிட்டவங்கள ஒவ்வொருத்தரா மேல தூக்கிவிட்டுக்கிட்டு கடைசிவரைக்கும் நின்னான். ஒரு எடத்துல நின்னா அசைய மாட்டான், அதான் அந்தப் பேரு. முதல் படகுல குதிச்சது நான்."

"அப்புறம் ஏன் சார் கதையில அப்படி எழுதுனீங்க?"

"கதையில யாராவது ஓடணுமே! என்னை எழுதக் கை வரல. அவன் செத்துருப்பான்னு நெனச்சு அவன் தலையில கட்டிட்டேன். நீயாவது நாலு பேர் முன்னாடி சொல்லிடுப்பா."

இவர் தலையாட்டினார். நாவலாசிரியர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

நங்கூரம் சாகவில்லை. கரை சேர்ந்து, கல்யாணம் கட்டி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைத்து, தாத்தாவாகவும் ஆகியிருந்தார். துணைப் பேராசிரியர் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் கையிலிருந்த ஸ்பேனரை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. பேத்தி கிளாஸ்ல அந்தப் பாடம் நடத்துறாங்க. 'எங்க தாத்தா ஓடல'ன்னு எழுந்து சொல்லியிருக்கா. டீச்சர் புஸ்தகத்தைக் காட்டிட்டாங்க. அதுலேருந்து புள்ள ஸ்கூலுக்கே போக மாட்டேங்குது. பெரிய எடத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கண்டிப்பா சொல்றேன் பெரியவரே. கூட்டத்துக்கு நீங்களும் வாங்க."

மனதாரத்தான் சொன்னார். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

கூட்டம் இனிதே தொடங்கியது. வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, நன்றியுரைக்குப் பாராட்டுரை எல்லாம் முடிந்து கட்டுரை வாசிக்கப்பட்டது. இயக்குநர் மரபுப்படி, "மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்டார். மரபுப்படி யாரும் பதில் சொல்வதில்லை. கடைசி வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்கு மரபு தெரியாது. எழுந்துவிட்டார்.

"ஐயா, அந்த நங்கூரம் நான்தாங்க."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அந்தப் பாத்திரத்தோட அவ்வளவு ஒன்றிப்போயிட்டீங்க. வாசகர்னா இப்படி இருக்கணும்."

"இல்லீங்க. நானேதாங்க. கப்பல்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"நாவலைப் படிச்சுட்டா?"

"அதுக்கு முன்னாடியேங்க. கதையில இருக்கிற மாதிரி நான் ஓடலீங்க."

சபையில் சலசலப்பு. இயக்குநர் கையமர்த்தினார். "பெரியவரே, உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா எங்க விதிப்படி, உயிரோட இருக்கிறவங்களை மூல ஆதாரமா ஏத்துக்க முடியாது."

"அப்ப நான் என்னங்க செய்யணும்?"

"காலம் வரும். வந்ததும் ஒரு மனு குடுங்க."

"செத்ததுக்கப்புறமா?"

"அவசரமே இல்ல."

மூத்த உறுப்பினர் ஒருவருக்கு உண்மையிலேயே கவலை பிடித்துக்கொண்டது. "இவரு ஓடலன்னா நகைமுரண் போயிடுமே சார்! பேருக்கு ஏத்த ஆளா இருந்தா அதுல இலக்கியம் எங்க இருக்கு?"

"தயவுசெஞ்சு 'உப்பில்லை' பத்தி மட்டும் அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க" என்று டாக்டர்கள் இருவரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள்.

"சரி, நீங்க ஓடல. அப்ப ஓடுனது யாரு?" என்றார் இயக்குநர்.

"அதை என் வாயால சொன்னா நல்லாருக்காதுங்க. அவரே ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த ஆளு இங்கதான் இருக்காரு."

பெரியவர் விரல் நீட்டிக் காட்டவில்லை. சும்மா பார்த்தார். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படி யாராவது இருக்கீங்களா?" என்று சபையைக் கேட்டார்.

துணைப் பேராசிரியர் எழுந்து நின்றார். இது வரலாற்றில் பதிவாக வேண்டும்: அவர் எழுந்தே நின்றார். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இயக்குநரின் கைக்கு அடியில் நியமன ஆணை விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் கட்டுரை போகும், வேலை போகும், மாபெரும் நாவலாசிரியர் மாபெரும் நாவலாசிரியராக இருக்க மாட்டார், மையத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். சட்டைப் பையிலிருந்து, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... ஹலோ... சிக்னல் இல்ல, இருங்க, வெளிய வரேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துக் கதவு வழியாக வெளியேறினார்.

அவர் கதவைத் தாண்டி மாடிப்படிக்கு வருவதற்குள் உள்ளே கைதட்டல் கேட்டது. கட்டுரையாளர் இல்லாமலே ஒருமனதாக ஏற்கப்பட்ட முதல் கட்டுரை என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. அவர் வேலை நிரந்தரமாயிற்று. சந்தோஷப்படலாம் என்று நினைத்தார், முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி வந்தார். துணைப் பேராசிரியர் இன்னும் போனைக் காதில்தான் வைத்திருந்தார்.

"பெரியவரே, நான்... அடுத்த கூட்டத்துல கண்டிப்பா..."

"விடுங்க தம்பி. புள்ளைகிட்ட நான் வேற ஏதாவது சொல்லிக்கிறேன்." பெரியவர் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். "எனக்கென்னவோ உங்களுக்கு அவரே தேவலன்னு தோணுது. படகுல குதிச்சதுக்கப்புறமாவது திரும்பிப் பாத்து, 'நீயும் வந்துடுடா'ன்னு கத்தினாரு. நீங்க திரும்பியே பாக்கல."