பாத்துப் போட்ட பிஸ்கட்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காளும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இங்கே ஒன்றும் நலமில்லை. உன் அக்காளின் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவின் பல்செட் நான் செய்த பிஸ்கட்டில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு இனி யார் கையில் இருக்கும் என்று தெரியவில்லை. ஆகவே உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். முதலாவது, உன் மாடி அறையில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துப் பெருக்கி வை, நாங்கள் எந்த நேரமும் பெட்டி படுக்கையோடு வந்து நிற்போம். இரண்டாவது, நீ அன்பளிப்பாக அனுப்பிவைத்த அவனைத் திருப்பி எடுத்துக்கொள். அவன் என்றதும் யாரோ ஆள் என்று பதறாதே, அந்தப் பிஸ்கட் சுடும் மின் அடுப்பைத்தான் சொல்கிறேன். ஆனால் அவன் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்தால் ஆள் என்று சொன்னாலும் தப்பில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா இந்த மாதத் தொடக்கத்தில் படியிறங்கி வந்து, அவர்களுடைய அண்ணன் மகனுக்கு இந்த ஊருக்கு மாற்றலாகியிருக்கிறது என்றும், அவனுக்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு எங்கள் சமையலறைச் சன்னலை ஒரு பார்வை பார்த்தார்கள். "எதுக்கும் கிறிஸ்துமஸ் போகட்டும், பாப்போம்" என்றார்கள். உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் அக்காள் நட்சத்திர பிஸ்கட் சுட்டு மாடிக்கு எடுத்துப் போவாள், அந்த அம்மா இரண்டு கடி கடித்துவிட்டு, "உன்னை மாதிரி குடித்தனக்காரி எனக்கு எங்க கெடைப்பா?" என்று உருகுவார்கள், அந்த உருக்கத்தில் ஒரு வருஷம் ஓடும். இந்த வருஷமும் அப்படி உருக்கிவிடலாம் என்று உன் அக்காள் பரண் மேலிருந்த நட்சத்திர அச்சை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டுதான் போயிற்று. இந்த வீட்டில் உள்ள ஒவ்வொரு அலமாரியையும் நானே ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நிறுத்தியவன், அந்த ஸ்டூலை மட்டும் எப்படி விட்டேன் என்று இன்னமும் விளங்கவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு உன் அக்காள் அந்தச் சன்னலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் பேசினால் எனக்குத் தலைவலிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் அவள் பேசாமல் இருந்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. காலையில் அந்தச் சன்னல் வழியாக வரும் வெயிலில் நின்றுகொண்டுதான் அவள் டீ குடிப்பாள். வேறு வீட்டில் அவள் எங்கே நின்று டீ குடிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால்தான், "கவலைய விடு, இந்த வருஷம் பிஸ்கட்ட நான் சுடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிமெண்டும் மணலும் ஜல்லியும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாவும் வெண்ணெயும் எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஒரு தளத்துக்கு ஒரு மேற்பார்வையாளர்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை ஆனபடியால், உன் அக்காளைச் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே நின்று குரல் கொடுத்தேன்.

"மாவு எவ்வளவு?"

"பாத்துப் போடுங்க."

"பாத்துன்னா எவ்வளவு?"

"கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னா, அதுல என்னங்க கேள்வி?"

நான் மாவைப் பார்த்தேன். மாவும் என்னைப் பார்த்தது. நன்றாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் போட்டேன். வெண்ணெய்க்கும் அதே பதில், சர்க்கரைக்கும் அதே பதில். உப்புக்கு மட்டும், "ரொம்பப் பாத்துப் போடுங்க" என்றாள். ஆகவே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துப் போட்டேன். கட்டடத்தில் எந்தக் கொத்தனாராவது என்னிடம் "பாத்துப் போட்டேன் சார்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் உன் அக்காளை எந்த வீட்டுக்கு அனுப்புவது, உன் வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும், அதற்கும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. முந்திரியையும் பாதாமையும் ஜல்லி அளவுக்கு உடைத்துச் சேர்த்துப் பிசைந்தேன். கலவை கையில் ஒட்டாமல் நன்றாகவே வந்தது. பலகையில் தேய்த்து, நாலு மூலைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், மயிரிழை பிசகில்லை. அச்சில் வெட்டிய நட்சத்திரங்களில் ஒரு முனைகூட மழுங்கவில்லை. அவனுக்குள் அடுக்கிவைத்து மூடியபோது எனக்கே ஒரு கர்வம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வெளியே எடுத்தபோதுதான் கர்வம் போயிற்று. ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் மெல்லிய வெடிப்பு. உன் அக்காள் செய்தாலும் அப்படித்தான் இருக்குமாம், அதுதான் அழகாம், இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எனக்குத் தெரிந்த வரையில் வெடிப்பு வந்தால் ஒரே வைத்தியம்தான், தண்ணீர். புதுத் தளத்தில் வெடிப்பு விடாமல் இருக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்போம் அல்லவா? சாக்கு கிடைக்கவில்லை, என் துண்டை நனைத்துப் போட்டு மூடி, மதியம் முழுக்கக் குவளையும் கையுமாக நின்று தெளித்தேன். "என்னங்க, தண்ணி சத்தம் கேக்குது?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "கை கழுவறேன்" என்றேன். "மத்தியானம் பூராவுமா?" என்றாள். பிறகு ஈரம் காயட்டும் என்று எல்லாவற்றையும் மறுபடி அவனுக்குள் வைத்து, அவனால் எவ்வளவு சூடாக முடியுமோ அவ்வளவு சூடாக்கினேன். சாயங்காலம் வெளியே எடுத்து ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் சும்மா இருந்தது. தரை ஓடுதான் விரிசல் விட்டது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தது உறுதியை, தின்கிறவர்களின் வாயை அல்ல. தட்டில் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் உன் அக்காள், "எல்லாருக்கும் பாத்துக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினாள். யாருக்கு எவ்வளவு என்று யோசித்து, முகம் கோணாமல் கொடுங்கள் என்று அர்த்தமாம். ஒரு வார்த்தையை இப்படி எதற்கெல்லாம் வைத்துக்கொள்வது? நான் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாரால்தான் சாப்பிடாமல் இருக்க முடியும்?

கீழ் வீட்டுப் பல் டாக்டர்தான் முதலில் மாட்டினார். ஒரு முனையைக் கடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ருசியில் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். தாடையைப் பிடித்தபடி, "இது கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். "ஒரு வீடு பாக்கியில்லாம" என்றேன். "நாளைக்கு லீவு போடலாம்னு இருந்தேன். இனிமே போடறதா இல்ல" என்று சொல்லி, சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார். எதிர் வீட்டில் ஒருவர், "கடிச்சு சாப்பிடறதா, முழுங்கறதா?" என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி வாயில் போட்டுக்கொண்டு, நான் இரண்டு வீடு முடித்துத் திரும்பி வரும் வரையிலும் அதே பக்கம் கன்னம் உப்பிய நிலையில் எனக்குத் தலையாட்டினாள்.

கடைசியாக மாடி. வீட்டுக்கார அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேசை வருஷக்கணக்காக ஆடுகிறது. தட்டை வைத்தாலும் ஆடும், கையை ஊன்றினாலும் ஆடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு நமநமக்கும், ஆனால் வீட்டுச் சொந்தக்காரரிடம் உங்கள் மேசை கோணல் என்று எப்படிச் சொல்வது? "அவளுக்குக் கை சரியாகல, அதான் நானே செஞ்சேன்" என்று பணிவாகத் தட்டை நீட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பெரிய நட்சத்திரமாகப் பார்த்து எடுத்து, ஆசையாக ஒரு கடி கடித்தார்கள். டக் என்று ஒரு சத்தம். நட்சத்திரம் கைக்குப் போயிற்று, பல்செட்டும் அதோடு போயிற்று. பதறிப்போய் மேசையில் கையை ஊன்ற, மேசை ஆட, தட்டிலிருந்த ஒரு நட்சத்திரம் உருண்டு மேசைக்கு அடியில் போய் விழுந்தது. அந்த அம்மா கீழே குனிந்தார்கள். அவமானத்தில் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ கழித்து நிமிர்ந்து, பல்லில்லாத வாயால் என்னைப் பார்த்துச் சொன்னார்கள், "காலி... இன்னிக்கே" என்று. அப்படித்தான் எனக்குக் காதில் விழுந்தது. அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் துணிவில்லை. படிகளை எப்படி இறங்கினேன் என்றே நினைவில்லை.

"பாத்துக் குடுத்தீங்களா?" என்றாள் உன் அக்காள்.

"பாத்துக்கிட்டேதான் குடுத்தேன்."

"வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?"

"வாயடைச்சுப் போயிட்டாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சன்னலோரம் போய் நின்றுகொண்டு, அடுத்த வருஷம் சன்னலுக்கு மஞ்சள் திரை போடலாமா, பச்சைத் திரை போடலாமா என்று என்னிடமே கேட்கிறாள். நான் என்னவென்று சொல்வேன்? அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் மைத்துனா, கடிதம் கண்டதும் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு புறப்பட்டு வா. உன் அக்காளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், எதேச்சையாக வந்த மாதிரி வா. உன் மாடி அறையில் வெயில் வருகிற சன்னல் எந்தப் பக்கம் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுது. வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, காலையும் இரவும் பல் விளக்கச் சொல், பல்லின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எல்லாரும் எல்லா நலமும் பெற்று, கடித்ததை மெல்லும்படியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கலவை தவறிய உன் அத்தான்

பின்குறிப்பு: வண்டி பிடிக்காதே. மாடி அறை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். வீட்டுக்கார அம்மா இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறார்கள், பல்லோடு. "என்னங்க நீங்க, ஆடற காலுக்கு இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டா இப்படித் தலைதெறிக்க ஓடறீங்க?" என்றார்கள். பல்லில்லாத வாயில் வந்த "காலுக்கு இன்னொண்ணு"தான் என் காதில் "காலி, இன்னிக்கே" என்று விழுந்திருக்கிறது. உருண்டு போன நட்சத்திரம் நேராக மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, மேசை அசையவில்லை. நான் ரசமட்டத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், குமிழி நட்டநடுவில் நிற்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோவுக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று வேண்டுமாம். பல்லைப் பற்றிக் கேட்டால், ஒரு பிஸ்கட்டுக்குக் கழன்று வருகிற பல்லைச் செய்து கொடுத்ததற்காகக் கீழ் வீட்டு டாக்டரைத்தான் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார்கள். அண்ணன் மகனை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. "மட்டம் பாக்கத் தெரிஞ்ச மனுஷன் கீழ இருக்கணும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவன் இங்கேயே இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள். திரும்ப எழுதச் சோம்பலாக இருப்பதால் இப்படியே அனுப்புகிறேன். உன் அக்காள் கடைக்குப் போகிறாள், அவள் கையிலேயே கொடுத்துத் தபாலில் பாத்துப் போடச் சொல்கிறேன்.

தம்பி, இது அக்கா. எழுத்து கோணல்மாணலா இருக்கும், இடது கையால எழுதறேன். கட்டிலுக்கு அடியில பாத்திரம் இருக்கறது எனக்கு அன்னிக்கே தெரியும், எதுக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு. சன்னலப் பத்தி அவர் எழுதினத நான் படிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிடாதடா. கடிதத்த என் கையில குடுத்து "பாத்துப் போடு"ன்னு சொன்னார். பாத்துட்டுத்தான் போடறேன்.