எனக்கெல்லாம் வராது

‘எனக்கெல்லாம் வராது’ என்றொரு மனித இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வியாதி என்பது அடுத்தவர் நடத்தைக்குக் கிடைக்கும் தண்டனை. தங்களுக்கு வருவது வெறும் களைப்பு. இதுதான் இவர்கள் கொள்கை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருந்த கிருஷ்ணராஜ் இவர்களில் முதல் தரம். யாருக்காவது கண் மஞ்சளானால் போதும். குடியா, ஓட்டல் சாப்பாடா, வேறு சகவாசமா என்று காரணம் கண்டுபிடித்துத் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். எதிர்வீட்டு லாரி டிரைவர் சர்தார் பாஷா மேல் தனி அக்கறை.

“பாய், ரோட்ல சுத்துற ஆளு நீ. உனக்குத்தான் மொதல்ல வரும்.”

இவருக்கு? சளி பிடித்தாலும் ஊசி, சலிப்பு வந்தாலும் ஊசி. மாத்திரை மட்டும் எழுதுகிறவர் இவர் கணக்கில் டாக்டரே இல்லை. தெருமுனைக் கம்பவுண்டர், முந்தைய ஆளுக்குக் குத்திய ஊசியையே வெந்நீரில் ஒரு முக்கு முக்கி இவருக்கும் குத்துவார், இவர் பூரித்துப்போவார். ஞாயிறுதோறும் சலூனில், ஊருக்கே பொதுவான கத்தியில் சவரம். கெட்ட பழக்கம்? ஒன்றுகூடக் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் மனைவி அம்சவேணிக்கு வேலூரில் ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றதும், “என்னுது சுத்த ரத்தம்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். சோதித்த டாக்டரம்மா தனியே அழைத்தார்.

“உங்க ரத்தத்துல மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கு. பி வகை. எடுக்க முடியாது.”

“ஆம்பூர் தண்ணி சரியில்லீங்க மேடம்…”

“இது தண்ணியில வர்றதில்ல. ரத்தத்தால வர்றது. அடிக்கடி ஊசி போட்டுப்பீங்களா?”

“ஒடம்ப கவனிக்கணும் இல்லீங்களா?”

ரத்தம் கொடுத்தது யார்? ஊசியென்றாலே நடுங்குகிற சர்தார் பாஷா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அம்சவேணி பிழைத்தாள். கணவரிடமிருந்து தொற்றியிருக்குமோ என்று அவளையும் சோதித்தார்கள். முடிவு வரும்வரை கிருஷ்ணராஜ் லேப் வாசலை விட்டு நகரவில்லை. நல்லவேளை, அவளிடம் கிருமி இல்லை.

கட்டிலில் படுத்தபடியே அவள் கேட்டாள்: “இன்னாங்க, பாய்க்கு வந்திருந்தா ஊர் பூரா சொல்லியிருப்பீங்க. இத யார்கிட்ட சொல்லப்போறீங்க?”

யாரிடமும் சொல்லவில்லை. ஊசியை விட்டார், சொந்தமாக பிளேடு வாங்கினார். கம்பவுண்டர் வாசலில் அதே ஊசிக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்தும் பார்க்காதவர்போல் போனார். எச்சரித்தால், ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்று கேட்டுவிடுவார்களே!

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நடுவில் தெரிந்தவர் முகம் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். யாருடையது? பக்கத்து வீட்டுக்காரருடையதா? மைத்துனருடையதா?

சரிதான். நீங்களும் அந்த இனம்தான்.