சோப்பு டப்பா வெப்பமானி

மனித வரலாற்றில் காய்ச்சலை அடியோடு ஒழித்த முதல் அலுவலகம் எங்களுடையதுதான். ஒழித்த நாள் திங்களா செவ்வாயா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பேச்சுகளையும் ஆள் மாற்றி நினைவில் வைத்திருக்கலாம். திருகாணியைத் திருப்பியது நான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த மாதம் பலர் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டார்கள். மேலாளர் ஆழ்ந்து யோசித்து, ‘காய்ச்சல் விடுப்புக்கு அளவுச் சான்று அவசியம்’ என்று சுற்றறிக்கை விட்டார். கடையில் விற்கும் வெப்பமானி ஊழியர் பக்கம் சாயும் என்பதால் அலுவலகமே ஒன்றைத் தயாரிப்பதென முடிவாயிற்று. மின்விசிறி பழுதுபார்க்க வந்த மெக்கானிக் ‘தொழில்நுட்பக் குழு’ ஆனார். சரக்குக் கணக்கு எழுதும் நான் ‘உபகுழு’.

மூன்று மதிய இடைவேளைகளில் வேலை முடிந்தது. ஒரு சர்க்யூட் போர்டு, எண் காட்டும் சின்னத் திரை, பேட்டரி எல்லாம் சோப்பு டப்பாவுக்குள். சென்சார் மட்டும் ஒயர் நுனியில் வெளியே தொங்கியது.

“இப்ப இத ஐஸ் தண்ணில முக்கணும் சார். பூஜ்யம் காட்டணும். இல்லைன்னா இந்தத் திருகாணியத் திருப்பிச் சரிபண்ணணும்,” என்றார் மெக்கானிக்.

“ஐஸ் எதுக்குய்யா? நான் இருக்கேன்ல?” மேலாளர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். “இந்த ஆபீஸ்லயே நார்மலான ஆள் நான்தான்.”

அன்று அவர் கண்கள் சிவந்திருந்தன. இரண்டு நாளாக அவர் மாத்திரை விழுங்குவதை எல்லோரும் பார்த்திருந்தோம். சென்சாரை அக்குளில் வைத்தார். திரை முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ் காட்டியது.

“சார், உங்களுக்கு…” என்று இழுத்தார் மெக்கானிக்.

“எனக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப மெஷின்தான் தப்பு. நார்மல் முப்பத்தேழுதானே? அதுக்குக் கொண்டு வாங்க.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் திருகாணியைப் பார்த்தேன். பிறகு திருப்பினேன். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

அதன்பின் யாருக்கும் காய்ச்சல் இல்லை. மருத்துவ உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் தட்டச்சு அக்கா மேசைகளைப் பிடித்துக்கொண்டே மேலாளர் அறைக்கு வந்தார். “நிக்க முடியல சார். இன்னிக்கு ஒரு நாள் போய்ப் படுத்துக்கறேன்.”

அளந்தோம். முப்பத்தேழு.

“அடடா! அச்சு அசலா என்னை மாதிரியே!” என்று மேலாளர் வாழ்த்தினார்.

அக்கா என்னிடம் கையை நீட்டினார். “நீயே தொட்டுப் பாரு தம்பி.”

தொட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் என் வேலை போகும். மேலும், உபகுழுவுக்குத் தொடும் அதிகாரம் வழங்கப்படவில்லை.

“மெஷினே சொல்லுதேக்கா,” என்றேன்.

அவர் மாலைவரை ஒன்பது கடிதங்கள் அடித்தார். கடைசிக் கடிதம், எங்கள் கருவிக்கு விருது கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு. அதைக் கையெழுத்துக்கு வைத்துவிட்டுப் போகும்போது படிக்கட்டில் விழுந்தார்.

நிமோனியா. பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார், வேலைக்குத் திரும்பவில்லை. இப்போதும் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறதாம். மேலாளர் விருது பெற்று, பதவி உயர்ந்து போனார். மெக்கானிக் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை. நான் அதே மேசையில் இருக்கிறேன்.

அன்று வேடிக்கை பார்த்த எங்கள் பதினொரு பேரையும் அந்தக் கருவி அளந்திருக்கிறது. ஆளுக்கு முப்பத்து நாலரை. உயிரோடு நடமாடுகிறவர்களின் உடம்பு இவ்வளவு ஜில்லென்று இருக்காது என்றார் ஒரு டாக்டர். எங்கள் விஷயத்தில் கருவி சரியாகத்தான் அளந்திருந்தது.